பீட்டர் விடுகிறவர்களும் பயப்படுகிறவர்களும்

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் நடந்தால், பஸ் ஏறுவதற்குள் கையில் ரெண்டு நோட்டீஸாவது திணித்துவிடுவார்கள். ஒன்று, 'ஏரி வியூ' வீட்டுமனை. இன்னொன்று, ஸ்போக்கன் இங்கிலீஷ். வீட்டுமனையைக் கசக்கிப் போட்டுவிடலாம். அந்த இங்கிலீஷ் நோட்டீஸைக் கொஞ்சம் நின்று படிக்கணும்.

பொதுவாக அதில் மூணு வாக்குறுதி இருக்கும். முப்பது நாளில் சரளம். மேடைக் கூச்சம் போகும். மூணாவதுதான் விசேஷம்: 'எம்.டி.ஐ. முற்றிலும் நீக்கப்படும்.'

ஏதோ மூலம், பவுத்திரம் மாதிரி ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தும் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.டி.ஐ. என்றால் மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். அதாவது, நீங்க இங்கிலீஷ் பேசும்போது உங்க அம்மா பேசின மொழி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. அதைத்தான் நீக்கப்போகிறார்கள். பி.பி.ஓ. கம்பெனிகளின் பயிற்சி அறைகளில் புழங்கிய வார்த்தை இது. இப்போ தெருமுனைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளும் தங்களுக்கு ஒரு நோய் இருப்பதாகவே நம்பி, ஃபீஸ் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். 'சார், எனக்கு எம்.டி.ஐ. ஜாஸ்தி' என்று ஷுகர் அளவு சொல்கிற மாதிரி சொல்லும் மாணவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த நோயின் அறிகுறிகள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வேடிக்கையாக இருக்கும்.

முதல் அறிகுறி: பஸ்ஸு, கேட்டு, கப்பு, செக்கு. எந்த இங்கிலீஷ் வார்த்தையாக இருந்தாலும் வாலில் ஒரு 'உ' ஒட்டிக்கொள்வது. இதற்கு டாக்டர் தேவையில்லை, தமிழ் வாத்தியார் போதும். க், ச், ட், த், ப், ற் என்கிற வல்லின மெய்யில் தமிழ் வார்த்தை முடியாது. முடிக்கணும் என்றால் ஒரு குட்டி உகரம் வேணும். குற்றியலுகரம் என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோமே, அதேதான். புத்தகத்தை மறந்துவிட்டோம், நாக்கு மறக்கவில்லை.

இரண்டாவது அறிகுறி: இஸ்கூலு, இஸ்டேஷன். தமிழில் வார்த்தை ஆரம்பத்திலேயே ரெண்டு மெய் ஜோடி போட்டு வராது. அதனால் முன்னால் ஓர் 'இ' வந்து கதவைத் திறந்துவிடுகிறது.

மூன்றாவது அறிகுறிக்கு உதாரணம் நம்ம ஏரியாவிலேயே இருக்கிறது. பல்லாவரம் என்று சொல்லிப் பாருங்க. பிறகு தாம்பரம் என்று சொல்லுங்க. ரெண்டிலும் எழுதுவது ஒரே 'ப'தான். ஆனால் பல்லாவரத்தில் வல்லென்று வெடிக்கிறது. தாம்பரத்தில் 'ம்' பக்கத்தில் வந்தவுடனே மெத்தென்று ஆகிவிடுகிறது. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. இடத்துக்குத் தகுந்த மாதிரி நாக்கே முடிவு செய்கிறது. அதே நாக்கு 'சிம்பிள்', 'டெம்பிள்' என்கிற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பார்க்கும்போது, 'ஓ, இதுவும் தாம்பரம் கேஸ்தான்' என்று மெத்தென்ற 'ப'வையே போடுகிறது. வெள்ளைக்காரர் அங்கே பல்லாவரத்து 'ப'வை எதிர்பார்க்கிறார். தகராறு அவ்வளவுதான். புறநகர் ரயிலில் சில நிமிஷ தூரம்.

நான்காவது: 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' ஆவது, 'ஒன்லி' என்பது 'வொன்லி' ஆவது. நாம் தமிழிலேயே 'யெப்போ', 'வொண்ணு' என்றுதானே பேசுகிறோம்!

ஆக, இந்த 'நோய்' எல்லாமே சோம்பேறித்தனமோ படிப்பறிவில்லாமையோ கிடையாது. இலக்கணம். ஓர் இலக்கணத்தைப் பிறந்ததிலிருந்து பிசகாமல் கடைப்பிடிக்கிற நாக்கு, இன்னொரு மொழியிலும் அதையே கடைப்பிடிக்கிறது. அந்த இன்னொரு இலக்கணம் படியும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் பேசினாலும் இதே கதைதான். அவர் பேசினால் மட்டும் 'ஆஹா, என்ன அழகு' என்கிறோம்.

உச்சரிப்பு மட்டுமல்ல, சொல்லும் முறையிலும் நாம் தமிழைக் கொண்டு போகிறோம். 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்கிறோம். நான் இங்கேதான் இருக்கேன். அந்தத் 'தான்' இல்லாமல் நமக்கு வாக்கியமே முடியாது. 'சிம்ப்ளி கேம்' என்கிறோம். சும்மா வந்தேன். உலகத்தில் எந்த மொழியிலும் முழுசாக இறக்கி வைக்க முடியாத அந்தச் 'சும்மா'வுக்கு, பாவம், இங்கிலீஷில் கிடைத்த ஒரு நாற்காலி அது. போனை எடுத்ததும் 'டெல் மீ' என்கிறோம். சொல்லுங்க. வெள்ளைக்காரருக்கு இது அதட்டல் மாதிரி கேட்கும். நமக்கு அது மரியாதை. வாசலில் நின்று 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறோம். 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினால், அம்மா சும்மா விடுவாங்களா?

இதில் சிலது சபை ஏறியும் விட்டது. தேதியை முன்னுக்குத் தள்ளுவதைக் குறிக்கும் 'ப்ரீபோன்', இந்தியர்கள் புழங்கிப் புழங்கியே ஆங்கில அகராதிகளுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்த சொல். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி நம்ம 'ஐயோ'வையே சேர்த்துக்கொண்டது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் போன நூற்றாண்டுகளிலேயே கப்பல் ஏறிவிட்டன. அவற்றை அவங்க உச்சரிக்கிற லட்சணத்தைக் கேட்டு, நாம் யாரும் லண்டனில் 'இ.டி.ஐ. நீக்கப்படும்' என்று போர்டு மாட்டவில்லை. தூத்துக்குடியை டூட்டிகொரின் என்றும், திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றும் கூப்பிட்டார்கள். அந்த உச்சரிப்பு கெஜட்டிலேயே ஏறியது. யாருடைய நாக்குப் பிசகினால் அது ஊர்ப் பெயர், யாருடைய நாக்குப் பிசகினால் அது நோய் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

நம்ம பக்கத்து ஊரையே பாருங்க. குரோம்பேட்டை. குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலை இருந்ததால் வந்த பெயர். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஷேர் ஆட்டோக்காரர் 'குரோம்பேட்ட, குரோம்பேட்ட' என்று கூவும்போது எந்த எச்.ஆர். மேனேஜரும் அவருடைய ஆக்சென்ட்டைத் திருத்துவதில்லை. ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

தாம்பரத்துக்கு இங்கிலீஷ் வந்த வழியும் சுவாரஸ்யமானது. 1837-இல் ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஆரம்பித்த பள்ளிதான் வளர்ந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அதை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லரும் ஸ்காட்லாந்துக்காரர். 1937-இல் அந்தக் கல்லூரி நகரத்தைவிட்டு தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. கவனியுங்க, இவங்க லண்டன்காரர்கள் இல்லை. லண்டன் பெரிய மனிதர்கள் 'கார்' என்பதில் உள்ள 'ர்'ஐ முழுங்கிவிடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் முழுங்க மாட்டார்கள். நம்மை மாதிரியே 'ர்' என்று உருட்டிச் சொல்வார்கள். ஆக, நமக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்த முதல் தலைமுறை வாத்தியார்களில் பலருக்கே, இன்றைக்கு நோட்டீஸ் அடிப்பவர்களின் கணக்குப்படி, எம்.டி.ஐ. இருந்தது!

கொஞ்சம் வடக்கே போனால் பரங்கிமலை, பல்லாவரத்து வெட்டரன் லைன்ஸ். ஆங்கிலோ இந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதிகள். இங்கிலீஷே அவங்களுக்குத் தாய்மொழி. ரயில்வே, தபால் தந்தி, பள்ளிக்கூடம் என்று எங்கேயும் அவங்க இருந்தாங்க. எத்தனையோ கான்வென்ட்டுகளில் நம்ம பிள்ளைகளுக்கு முதல் 'ரைம்ஸ்' சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். அவங்க இங்கிலீஷையாவது வெள்ளைக்காரர்கள் மதித்தார்களா? ம்ஹூம். 'சீ-சீ' இங்கிலீஷ் என்று கேலி செய்தார்கள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அந்தக் கேலி வார்த்தை தனிப் பதிவாகவே இருக்கிறது. தாய்மொழியாகப் பேசினவர்களுக்கே அந்த மரியாதைதான் என்றால், மதுராந்தகத்திலிருந்து காலேஜுக்கு வருகிற பையனுக்கு எந்த மரியாதை கிடைத்துவிடும்?

அது ஓர் ஏணி. லண்டன்காரர் ஸ்காட்லாந்துக்காரரைக் கேலி செய்தார். இருவரும் சேர்ந்து ஆங்கிலோ இந்தியரைக் கேலி செய்தார்கள். அவரிடம் படித்த கான்வென்ட் மாணவர், முனிசிபல் ஸ்கூல் மாணவரைக் கேலி செய்தார். இன்றைக்கு மெட்ராஸ்காரர் மதுரைக்காரரின் இங்கிலீஷைக் கேலி செய்கிறார். ஒவ்வொருத்தரும் மேலே பார்த்துப் பயந்து, கீழே பார்த்துச் சிரிக்கிறோம்.

சரி, அந்த ஏணியின் உச்சியில் இருக்கும் 'சுத்தமான' இங்கிலீஷ் யாருடையது? ரிசீவ்ட் புரனன்சியேஷன் என்று பெயர். பி.பி.சி. உச்சரிப்பு என்பார்கள். பிரிட்டனிலேயே இதைப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 3 சதவிகிதம் பேர்தான் என்று மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1970-களில் மதிப்பிட்டார். (நம்ம 'பீட்டர்' அவர் இல்லை!) மீதி 97 பேரும் அவங்கவங்க ஊர் வாசனையோடுதான் பேசுகிறார்கள். 1941-இல் யார்க்ஷயர்காரரான வில்ஃபிரட் பிக்கிள்ஸை பி.பி.சி. செய்தி வாசிக்கவைத்தது. ஊர் பாஷையில் அவர் நியூஸ் படித்ததைக் கேட்டு, இங்கிலாந்திலேயே நேயர்கள் புகார் சொன்னார்கள். போர்க் காலம், தலைக்கு மேலே குண்டு விழுகிறது, அப்போதும் இவங்க கவலை உச்சரிப்பு! இன்றைக்கு அதே பி.பி.சி.யில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்து வாசனையெல்லாம் தாராளமாகக் கேட்கிறது. அவங்களே மூட்டை கட்டி வைத்துவிட்ட சரக்கைத்தான் நாம் முப்பது நாளில் வாங்கப் போகிறோம்.

ரெண்டாயிரமாவது வருஷ வாக்கில் பி.பி.ஓ.க்கள் வந்தபோது 'ஆக்சென்ட் நியூட்ரலைசேஷன்' என்று புதுசாக ஒரு வகுப்பு முளைத்தது. ராத்திரி எட்டு மணிக்கு வேன் ஏறும்போது செந்தில். ஹெட்போன் மாட்டியதும் ஸ்டீவ். 'நியூட்ரல்' என்ற வார்த்தையைப் பாருங்க. கேட்பவர் அமெரிக்கர் என்றால், அவர் காதுக்கு உறுத்தாததுதான் நியூட்ரல். அதாவது, பணம் கட்டுகிறவருடைய காதுதான் தராசு. நான் பி.காம். படித்தவன். வியாபாரத்தில் கஸ்டமர் கேட்பதைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. கூலி வாங்குகிறோம், அந்த எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டுப் போகலாம். ஆனால் கஸ்டமரின் சௌகரியத்துக்காகப் போட்ட யூனிஃபார்மை, 'இதுதான் மனுஷன் உடுத்த வேண்டிய உடுப்பு' என்று ஊருக்கெல்லாம் சொன்னோமே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

இந்த யூனிஃபார்முக்கும் இப்போ ஆபத்து. சனாஸ் என்றொரு அமெரிக்க கம்பெனி, பேசுகிறவரின் ஆக்சென்ட்டை அந்த நொடியிலேயே மாற்றிக்கொடுக்கும் ஏ.ஐ. மென்பொருளைத் தயாரித்தது. கால் சென்டர் உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றான டெலிபெர்ஃபார்மன்ஸ், இந்தியாவில் வேலை செய்கிற தன் ஊழியர்களின் குரலுக்கு அதைப் பயன்படுத்துவதாக 2025-இல் செய்தி வந்தது. நீங்க செங்கல்பட்டு இங்கிலீஷில் பேசலாம். அங்கே வேறு மாதிரி கேட்கும். எந்த 'நியூட்ரல்' உச்சரிப்புக்காகப் பிள்ளைகள் ஃபீஸ் கட்டி நாக்கை முறுக்கினார்களோ, அது இப்போ ஒரு சாஃப்ட்வேர் பட்டன். பட்டனால் செய்ய முடிகிற வேலைக்கு மார்க்கெட்டில் என்ன விலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள பி.காம். கூட வேண்டாம்.

பட்டனால் செய்ய முடியாதது, எதிராளி என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு யோசித்துப் பதில் சொல்வது. அதை வளர்க்க வேண்டிய வயசில்தான் நம்ம பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதுதான் எனக்கு உண்மையான கவலை. கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் என்று ஒன்று நடக்கும். வண்டலூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்த இன்ஜினீயரிங் காலேஜ் வாத்தியாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண், எட்டு பேர் உட்கார்ந்த மேஜையில் பதினைந்து நிமிஷமும் ஊமையாக இருப்பாள். விஷயம் தெரியும். வார்த்தையும் தெரியும். வாயைத் திறந்தால் யாராவது சிரிப்பார்களோ என்பதுதான் பயம். விஷயமே தெரியாத ஒரு பையன் 'யா, ஆக்சுவலி, யூ நோ' என்று பேசிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போவான். கம்பெனிக்கும் நஷ்டம், பெண்ணுக்கும் நஷ்டம்.

இந்த நஷ்டம் இங்கே மட்டும் நடப்பதில்லை. 1938-இல் சென்னையில் பிறந்து, பத்தொன்பது வயசில் அமெரிக்கா போய், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனவர் ஷியாமளா கோபாலன். அவருடைய ஆக்சென்ட்டைக் கேட்டுவிட்டு, விவரம் தெரியாதவர் என்கிற மாதிரி பலர் அவரை நடத்தியதை, அவருடைய மகள் 2019-இல் வெளியான தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மகள், கமலா ஹாரிஸ். அடுத்த வருஷம், துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பேசிய மேடையில் தன் 'சித்தி'களை அந்தத் தமிழ் வார்த்தையாலேயே குறிப்பிட்டார். அமெரிக்காவே அர்த்தம் தேடி நெட்டைக் குடைந்தது. அம்மாவின் நாக்கு, மகள் மேடை ஏறியபோது கூடவே ஏறிவிட்டது.

நம்மைக் கேலி செய்தால் நமக்கு ரோஷம் வரும். வரணும். 1968-இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத், மதராஸி பாட்டு வாத்தியாராக வந்து தமிழ் நாக்கால் இந்தி பேசி நாட்டையே சிரிக்கவைத்தார். அதே 1968-இல் ஹாலிவுட்டில் 'தி பார்ட்டி' படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு இந்தியர் இங்கிலீஷ் பேசினார். அங்கே மெஹ்மூத்தும் இந்தியர்தான், செல்லர்ஸுக்கு மெஹ்மூத்தும் கோமாளிதான்! 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் அபு என்ற இந்தியக் கடைக்காரருக்கு முப்பது வருஷம் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2020-இல் அதிலிருந்து விலகிக்கொண்டார்.

ஆனால் நம்ம வீட்டு டி.வி.யில், நம்ம சினிமாவில், கிராமத்து ஆள் தப்பாக இங்கிலீஷ் பேசினால் போதும், அது இன்றைக்கும் காமெடி சீன். அந்த சீனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுநாள் காலேஜுக்குப் போகிற பிள்ளை எப்படிங்க வாயைத் திறக்கும்?

இதில் இன்னொரு கூத்து. தப்பாகப் பேசினால் சிரிப்பு. நன்றாகப் பேசினால் 'பீட்டர் விடறான்டா'! ஹாஸ்டலில் ஒருத்தன் தைரியமாக நாலு வாக்கியம் இங்கிலீஷில் பேசிப் பழகினால், அறை நண்பர்களே ஓட்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் எச்.ஆர்., இந்தப் பக்கம் ஃப்ரெண்ட்ஸ். நடுவில் மாட்டிக்கொண்ட பையனுக்குக் கடைசியில் கைகொடுப்பது மௌனம்தான்.

'அப்படியானால் எப்படி வேணும்னாலும் பேசலாமா? எதிராளிக்குப் புரிய வேண்டாமா?' என்று நீங்க கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. புரியத்தான் வேணும். அதற்கு உலகத்திலேயே கறாரான ஒரு பரீட்சை இருக்கிறது. நம்ம மீனம்பாக்கத்தின் தலைக்கு மேலேயே தினமும் நடக்கிறது. விமானிக்கும் கன்ட்ரோல் டவருக்கும் நடக்கும் பேச்சு. ஒரு வார்த்தை தப்பாகக் கேட்டாலும் இருநூறு உயிர். அதனால் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., இங்கிலீஷ் திறமைக்கு ஆறு படிகள் வகுத்தது. சர்வதேச விமானத்தை ஓட்ட நான்காவது படியாவது வேணும் என்ற விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

அந்த நான்காவது படியில் உச்சரிப்பைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? தாய்மொழியின் சாயல், ஊர் வாசனை இருக்கலாம். எப்போதாவதுதான் புரிவதற்கு இடைஞ்சலாக இருக்கணும். அவ்வளவே. உச்சமான ஆறாவது படியில்கூடச் சாயல் இருக்கலாம் என்கிறார்கள், இடைஞ்சல் மட்டும் அநேகமாக இருக்கக் கூடாது. அதாவது, முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் அனுமதிக்கப்படும் அம்மாவின் மொழிக்கு, தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற ஏ.சி. ரூமில் அனுமதி இல்லை!

ஆகவே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளை மூடச் சொல்லவில்லை. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு படிக்கட்டு, சந்தேகமே இல்லை. சொல்லித் தர வேண்டியதைச் சொல்லித் தரட்டும். 'ஃபேன்' என்பது 'பேன்' ஆனால் பொருள் மாறும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழம்பினால் பில்லில் பதினேழு ரூபாய் உதைக்கும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறையச் சமமாக ஒலிக்கிறோம். இங்கிலீஷில் ஒன்றை அழுத்தி, மற்றதை விழுங்கணும். எந்த அசையை அழுத்துவது என்று தெரிந்தால், நாம் சொல்வதில் பாதிக்கு மேல் யாருக்கும் புரிந்துவிடும். மூச்சு விடாமல் ஓடாமல் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் மீதியும் புரியும். இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடிய சாமர்த்தியம். இதற்கு அம்மாவை வெளியேற்ற வேண்டிய அவசியம் எங்கே வருகிறது?

கணக்குப் புத்தகத்தில் ஓர் எளிய விதி உண்டு. சொத்தை நஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது. ரெண்டு மொழி தெரிந்தவரின் நாக்கில் ரெண்டு மொழியின் தடமும் இருக்கும். ஒரே மொழி தெரிந்தவருக்குத்தான் எம்.டி.ஐ. இருக்காது.

நான் கேட்பது ரெண்டே உபகாரம். ஒன்று, இன்டர்வியூ எடுக்கிறவர்களுக்கு: மதிப்பெண் தாளில் 'ஆக்சென்ட்' என்று இருக்கிற கட்டத்தை அடித்துவிட்டு, 'புரிந்ததா?' என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று நமக்கு: நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ தட்டுத் தடுமாறி 'பஸ்ஸு ஈஸ் கம்மிங்' என்று ஆரம்பித்தால், சிரிக்காமல் அந்த வாக்கியம் முடிகிற வரைக்கும் காத்திருங்கள்.

பஸ் எப்படியும் லேட்டாகத்தான் வரும்.